எங்க வீட்டுச் சாப்பாட்டுல மாத்துனதும் மாத்தாம விட்டதும்

சுற்றுச்சூழலுக்கு நல்ல சாப்பாடுன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சாலே, கடையில புதுசா என்ன வாங்கணும்ங்கற பேச்சாவே போகுது. ஆர்கானிக் பாக்கெட்டு, பாதாம் பால், சியா விதை இப்படி. மதுரையில மாமியார், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்கன்னு அஞ்சு பேர் இருக்குற சாதாரண வீட்டுல தினம் ஆக்கிப் போடுறவ நான். எனக்குத் தெரிஞ்சு வாங்குறத விட மிஞ்சுறது தான் பெரிய விஷயம். அதுக்கடுத்தது கறி. அதுக்கப்புறம் தான் அரிசி, பிளாஸ்டிக், மத்த எல்லாம். இந்த வரிசை தெரியாம பிளாஸ்டிக் ஸ்ட்ராவ மட்டும் நிறுத்திட்டு அரைச்சட்டி சோத்த தினம் குப்பையில கொட்டுனா பெருசா ஒன்னும் கொறையாது.

எடுத்த எடுப்புலயே எதையும் மாத்தல, சும்மா கவனிச்சோம். சமையக்கட்டுல மூடி போட்ட ரெண்டு வாளி வச்சோம். ஒன்னுல தோலு, காம்பு, கொட்டை. இன்னொன்னுல, சாப்பிட்டிருக்க வேண்டியது ஆனா குப்பைக்குப் போறது. ரெண்டாவது வாளியில விழுறது அஞ்சாறு சாமான் தான் திரும்பத் திரும்ப. ராத்திரி மிஞ்சுன சோறு, குண்டான் அடியில தங்குற சாம்பார், டிபன் பாக்ஸ்ல அப்படியே திரும்பி வர்ற பீன்ஸ் பொரியல், ஃப்ரிட்ஜுக்குள்ள கருத்துப்போன கொத்தமல்லி, வழுவழுன்னு ஆயிப்போன அரைமூடி தேங்கா, ஒரேயடியா புளிச்ச தயிர். நீங்களும் ஒரு வாரம் இப்படி வச்சுப் பாருங்க, எதைக் கொறைக்கணும்னு வாளியே சொல்லிரும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல வெளியிட்ட உணவு விரய அறிக்கையில, 2022-ல மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் சாப்பாடு வீணாப் போச்சுன்னு இருக்கு, அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து. ஓட்டல், கல்யாண மண்டபம், சூப்பர் மார்க்கெட் எல்லாம் சேர்த்தாலும் மீதி 40 தான். இந்தியாவுல வீட்டுல இருந்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ சுமாரு போகுதுன்னு கணக்கு சொல்றாங்க, தோலு கொட்டையெல்லாம் சேர்த்தி தான் இது, இருந்தாலும் அஞ்சு பேருக்கு 275 கிலோ ஆகுது. எங்க ஊருக் குப்பை அவனியாபுரம் பக்கத்துல வெள்ளக்கல் கிடங்குக்குப் போகும். அங்க மலையாக் குமிச்சு வைக்கிறப்ப அடியில காத்து போகாம அழுகுற சோறும் காயும் மீத்தேனா மாறும். அது 20 வருஷ கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்கு சுமாருக்கு பூமிய சூடாக்குற வாயு. இதுபோக அந்தச் சோத்துக்கு வயல்ல பாச்சுன தண்ணி, போட்ட உரம், நம்ம எரிச்ச கேஸ் எல்லாமே போச்சு. ஒரு கிலோ அரிசி விளைய சராசரியா 2,500 லிட்டர் தண்ணி வயலுக்குப் போகுதுன்னு சொல்றாங்க, அப்ப ஒரு உழக்கு சோத்தக் கொட்டுறப்ப எத்தன குடம் தண்ணியக் கொட்டுறோம்னு நீங்களே பாத்துக்குங்க.

சோத்து அளவைக் கொறைக்கறது தான் எங்க வீட்டுல ரொம்ப நாள் இழுத்துச்சு. அத்தைக்கு அது மனசே ஒப்பல. "ஏம்மா, திடுதிப்புன்னு ஒரு ஆளு வந்து வாசல்ல நின்னா எதைப் போடுவ?"ன்னு கேப்பாங்க. அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு, வீட்டுக்கு வர்றவங்கள சாப்பிடாம அனுப்புற பழக்கம் எங்க பக்கம் கிடையாது. அதனால "கொறைச்சு ஆக்குங்க அத்தை"ன்னு வாதாடறத விட்டுட்டு, வர்ற ஆளுக்குன்னு தனியா ஒரு ஏற்பாடு பண்ணோம். ஃப்ரிட்ஜுல எப்பவும் ரெண்டு பேருக்கு இட்லி மாவு இருக்கும், டப்பாவுல அவலும் சேமியாவும் இருக்கும், முட்டை இருக்கும். ஆளு வந்தா பத்து நிமிஷத்துல சுடச்சுட தோசையும் முட்டையும் ரெடி, வந்தவங்களுக்கும் ஆறிப்போன சோத்த விட அது சந்தோசம். இதப் பாத்ததுக்கப்புறம் அத்தையே உழக்கை வச்சு, "இன்னைக்கு அவன் மதியம் வெளிய சாப்பிடுறானா, ராத்திரி டிபனா"ன்னு கேட்டுட்டு தான் அரிசிய அளக்குறாங்க. சோறு கொறையணும்னா முதல்ல ஆக்குறவங்க பயம் கொறையணும், அது என்ன பயம்னு கேட்டு அதுக்கு வழி பண்ணுங்க.

அப்பவும் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சுனா பழைய சோறு. இதுல குக்கர் சோத்துக்கும் வடிச்ச சோத்துக்கும் வித்தியாசம் இருக்கு. குக்கர்ல வச்சது தண்ணி ஊத்துனா கொழகொழன்னு ஆயிரும், பிள்ளைங்க தொடாது. வடிச்ச புழுங்கலரிசிச் சோறு தான் காலையில விதைவிதையா நிக்கும், நீச்சத்தண்ணியும் நல்லாருக்கும். ஆனா பானையில வடிக்கணும்னா கேஸ் அதிகமாகும். இதுக்கு நாங்க வாங்குனது தெர்மல் ரைஸ் குக்கர், அதாவது சூடு வெளிய போகாம பிடிச்சு வைக்கிற பாத்திரம், கேரளாவுல சாஸ்திர சாகித்ய பரிஷத்ங்கற அறிவியல் இயக்கம் ரொம்ப வருஷமா சூடாறாப்பெட்டின்னு மக்கள்ட்ட பரப்புனதும் இதே முறை தான். அரிசிய ஊறவச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு பத்து நிமிஷம் போல கொதிக்கவிட்டு, அப்படியே பானையோட உள்ள எறக்கி மூடிட்டு வேற வேலையப் பாக்கலாம், புழுங்கலரிசிக்கு ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், அப்புறம் எடுத்து வடிச்சுக்கலாம். அடுப்பு எரியறது அந்தக் கொதி வர்ற வரைக்கும், அப்புறம் அந்தப் பத்து நிமிஷம், அவ்வளவு தான். ஒன்னு மட்டும் கவனிங்க, மிஞ்சுன சோத்த ராத்திரி முழுக்க சும்மா திறந்து வச்சிட்டு காலையில தண்ணி ஊத்தாதீங்க, சாப்பிட்டு முடிச்சதுமே ஆறவச்சு தண்ணி ஊத்திரணும், சித்திரை வெயில்ல வாடை மாறியிருந்தா அத சாப்பிட வேணாம்.

காய்ல தோலு, தண்டு விஷயம் நம்ம பாட்டிங்களுக்குத் தெரியாததா. பீர்க்கங்கா தோல் துவையல், வாழைக்கா தோல் பொரியல், முள்ளங்கிக் கீரையில பாசிப்பருப்பு போட்டு ஒரு கூட்டு, தர்பூசணியோட வெள்ளப் பகுதிய பூசணிக்கா மாதிரி மோர்க்குழம்புல போடுறது, கொத்தமல்லித் தண்ட ரசத்துல நசுக்கிப் போடுறது, எல்லாம் உள்ளது தான். தேங்கா உடைச்ச அன்னைக்கே துருவி ஃப்ரீசர்ல வச்சிருங்க, அரைமூடி கெட்டுப்போற பேச்சே இருக்காது. டிபன் பாக்ஸுக்கு ராத்திரியே பிள்ளைங்கள்ட்ட கேட்டுருவேன், ரெண்டு காய்ல எதுன்னு. அவங்களா சொன்னது பாதியாச்சும் உள்ள போகுது.

காய் வாங்குறது அண்ணா நகர் உழவர் சந்தையில. 1999 நவம்பர் 14-ல தமிழ்நாட்டுல முதன்முதலா தொடங்குன உழவர் சந்தையே இது தான். விளைவிச்சவங்களே அடையாள அட்டையோட வந்து உக்காந்திருப்பாங்க, விலைப் பலகையில அன்னைக்கு ரேட்டு எழுதியிருக்கும். பக்கத்து ஊருல விளைஞ்சத வாங்குனா போக்குவரத்துப் புகை கொறையும், அதனால தான் நல்லதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. உண்மையில, விமானத்துல பறந்து வர்ற சாமான விட்டுட்டுப் பாத்தா, சாப்பாட்டால வர்ற, பூமிய சூடாக்குற மொத்த வாயுல லாரிப் புகை ஒரு சின்ன பங்கு தான், எதைச் சாப்பிடுறோம்ங்கறது தான் பெரிய பங்கு. ஆனா நான் சந்தைக்குப் போறதுக்கு வேற காரணம் இருக்கு. காலையில பறிச்ச கீரை மறுநாளும் தாங்கும், வாடாம இருக்கறதால குப்பைக்குப் போறது கொறையும், பிளாஸ்டிக் தட்டுல வச்சு சுத்துன காய் கிடையாது, எந்த மாசம் எது விளையுதுன்னு கண்ணால தெரியும். கோணலா இருக்குற கத்திரிக்கா, வெடிச்ச தக்காளி இதெல்லாம் கடைசியில ஒதுங்கிக் கெடக்கும், நான் அதைத் தான் முதல்ல எடுப்பேன், அன்னைக்கே ஆக்குறதுக்கு அது போதும்.

தக்காளிய எடுத்துக்குங்க. 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயத் தாண்டிப் போய் ரேஷன் கடையில வச்சு அரசாங்கம் 60 ரூபாய்க்கு வித்துச்சு. அதே தக்காளி வேற மாசத்துல வண்டி வாடகைக்குக் கூட கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டுப் போறத ஒட்டன்சத்திரம் பக்கம் பாத்திருக்கோம். அதனால மலிவா இருக்குறப்ப கூடுதலா வாங்கி ரெண்டா கீறி உப்புத் தடவி மொட்டை மாடியில காயவச்சிருவோம், விலை ஏறுறப்ப குழம்புக்கு அதுவும் கொஞ்சம் புளியும் போதும். மதுரை வெயிலுக்கு ரெண்டு மூனு நாள்ல காஞ்சிரும். கொத்தவரங்கா வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர்மிளகா எல்லாம் இப்படித்தான், ஃப்ரிட்ஜும் வேணாம் கரண்டும் வேணாம்.

இனி கறி. மதுரைக்காரங்ககிட்ட ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறியப் பத்திப் பேசறது லேசுபட்ட காரியமில்ல, எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் முழுக்க இதுக்கு பதிலே சொல்லல. 2018-ல சயன்ஸ் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 119 நாட்டுல 38,700 பண்ணைகளோட கணக்க எடுத்துப் போட்டது. அதுப்படி ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு சராசரியா 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு, கோழிக்கு 10, முட்டைக்கு 5-க்குள்ள, அரிசிக்கு 4 சொச்சம், பருப்புக்கு 2-க்கும் கீழ. இது உலகச் சராசரி, நம்ம ஊர்ல தரிசுலயும் அறுத்த வயல்லயும் மேயற கிடை ஆட்டுக்கு அப்படியே பொருந்தாது. கிடை போட்டா அந்தப் புழுக்கையும் கோமியமும் நிலத்துக்கு உரமாகுது, அந்த ஆட்டுக்காரங்க பொழப்பும் இருக்கு. ஆனா எங்க மேய்ஞ்சாலும் ஆடு அசை போடுற பிராணி, மீத்தேன ஏப்பமா விடத்தான் செய்யும். அதனால கறிய நிறுத்தல, கொறைச்சோம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அன்னைக்கும் கறிய பாதியாக்கி கூட மொச்சையோ உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ போட்டு குழம்பு, குழம்புல கறி வாசம் இருந்தா யாரும் துண்ட எண்ணிப் பாக்குறதில்ல.

இதுல மதுரைக்காரங்க செய்யற ஒரு நல்ல காரியத்தச் சொல்லியே ஆகணும். இங்க ஒரு ஆட்ட அறுத்தா எதையும் வீணாக்க மாட்டாங்க. குடல் குழம்பு, ஈரல் வறுவல், தலைக்கறி, ரத்தப் பொரியல், நல்லி எலும்பு ரசம், கால் சூப்பு. உசுரக் கொன்னு சாப்பிடுறோம்னா அது முழுசும் வயித்துக்குப் போகணும்ங்கற நெனப்பு அது. இப்ப புதுசா வர்ற பிள்ளைங்க எலும்பில்லாத துண்டு மட்டும் கேக்குறாங்க, அது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு. எங்க வீட்டுல குடல சுத்தம் பண்ற வேலைய என் மகனுக்கும் கத்துக்குடுத்தாச்சு.

கறி இல்லாத ஞாயிறுல முட்டைக் குழம்பு, இல்லன்னா மீனு. மீன்ல சின்ன மீனுங்க தான் எங்களுக்கு, நெத்திலி, சாளை, காரப்பொடி. இதுங்க சீக்கிரம் வளந்து சீக்கிரம் குஞ்சு பொரிக்கிற இனம், பண்ணை எறால் மாதிரி தீவனம் போட்டு வளக்கவும் வேணாம். ஆனா சின்ன மீனு வேற, பெரிய மீனோட குஞ்சு வேற. கையளவு வஞ்சிரம் வித்தா வாங்காதீங்க, அது இன்னும் முட்டையே போட்டிருக்காது. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீனு இனப்பெருக்கத்துக்குன்னு விட்ட காலம். அப்ப மதுரை மார்க்கெட்டுல கெடைக்கறதுல பாதி எங்கயோ இருந்து ஐஸ்ல வந்தது, அதனால அந்த ரெண்டு மாசம் எங்களுக்குக் கருவாடு. கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் குழம்பும் கேப்பைக் களியும் இருந்தா மீன யாரும் தேடுறதில்ல.

அரிசிய விட முடியுமான்னா முடியாது, விடணும்னும் நான் சொல்லல. வயல்ல எந்நேரமும் தண்ணி கட்டி நிக்கிறதால அடி மண்ணுல காத்தில்லாம மீத்தேன் வருதுங்கறது உண்மை. ஆனா அதுக்கு வழி விவசாயிங்க கையில இருக்கு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்டா, அதாவது மண்ணு லேசா காஞ்சு கீறல் விழுற நேரம் பாத்து மறுபடி பாச்சுனா, மீத்தேன் பாதி வரைக்கும் கொறையும், தண்ணியும் மிச்சம். பாரம்பரிய நெல்லுன்னு வாங்குறப்ப நான் கடைக்காரர்ட்ட இதையும் கேப்பேன், ரகம் பழசுங்கறதாலயே மீத்தேன் கொறைஞ்சிராது. அதுக்காக அந்த ரகங்கள் வேணாம்னு இல்ல. திருவாரூர் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கி நூத்துக்கும் மேல ரகங்கள மறுபடி வயலுக்குக் கொண்டு வந்தாரே, 2018-ல அவர் போனதுக்கப்புறமும் அந்த விதைங்க ஊர் ஊரா சுத்துது, அத வாங்கிச் சாப்பிட ஆளு இருந்தாத்தான் விதைப்பாங்க.

சிறுதானியம் பத்தி 2023-ல ஐ.நா. சர்வதேச ஆண்டே கொண்டாடுச்சு, அதுக்கப்புறம் பாக்கெட்டுல விலை எங்கயோ போயிருச்சு. ரேஷன்ல அரிசி விலையில்லாம வாங்குற வீட்டுல போய் குதிரைவாலி வாங்குங்கன்னு சொல்றது சரியில்ல. நாங்க செய்யறது, கேப்பையும் கம்பும் முழுசா வாங்கி மில்லுல அரைச்சுக்கிறோம், அது விலை கட்டுப்படியாகுது. குதிரைவாலி எங்க மாவட்டத்துலயே பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியா விளையுது, அங்க இருந்து வர்றவங்ககிட்ட மொத்தமா வாங்கி இட்லி அரிசியில ஒரு பங்குக்கு பதிலா போடுறோம். முழுசா குதிரைவாலிச் சோறு வச்சப்ப பிள்ளைங்க தட்ட நகத்திருச்சுங்க, இட்லியில கலந்தா கண்டுபிடிக்கவே இல்ல. வீட்டுல புதுசா ஒன்ன நுழைக்கிறப்ப பழகுன பதார்த்தத்துக்குள்ள வச்சு நுழைங்க.

பால், காபி இது ரெண்டையும் நாங்க தொடல. மாட்டுலயும் மீத்தேன் இருக்கு, தெரியும். ஆனா வளர்ற பிள்ளைங்களும் எலும்பு தேஞ்ச அத்தையும் இருக்குற வீட்டுல பாலும் தயிரும் தேவைன்னு முடிவு பண்ணோம். தயிர் மிஞ்சாம மட்டும் பாத்துக்கிறோம், புளிச்சா மோர்க்குழம்பு, அப்பவும் மிஞ்சுனா ரவா தோசை. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்துறேன்னு கிளம்புனா மூனாவது வாரம் எல்லாம் பழையபடி ஆயிரும், எனக்குத் தெரிஞ்ச நிறைய வீடுகள்ல அப்படித்தான் ஆச்சு.

பார்சலுக்கு தூக்குவாளியும் எவர்சில்வர் டப்பாவும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவ பயன்படுத்தித் தூக்கிப்போடுற 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கமும் வந்துச்சு, இருந்தாலும் சட்னி சாம்பார் இன்னும் பைக்குள்ள தான் வருது. பாத்திரம் கொண்டுபோறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஆர்டர் சொல்லும்போதே டப்பாவ மேல வச்சிரணும், கட்டி முடிச்சப்புறம் குடுத்தா பையில இருந்து பிரிச்சு ஊத்தி அந்தப் பையத் தூக்கிப் போடுவாங்க. கறிக்கடையில முதல்ல வெறும் தூக்க எடை போட்டு கழிக்கச் சொல்லுங்க, இல்லன்னா பாத்திரத்துக்கும் சேர்த்து காசு போயிரும். ஒரு ஓட்டல்ல பாத்திரத்துல ஊத்த மாட்டோம்னே சொல்லிட்டாங்க, நாங்க வேற கடைக்கு மாறிட்டோம், அங்க தூக்குல வாங்குனா ஒரு கரண்டி சாம்பார் கூடவே விழும்.

தோலு காம்பு வாளியில விழுறதுக்கு ஓட்டை போட்ட மண்பானை, பால்கனியில. அடியில தென்னை நாரு, அதுக்கு மேல ஒரு கை காய்க்கழிவு போட்டா ரெண்டு கை காஞ்ச இலைச்சருகு, இடையில கொஞ்சம் புளிச்ச மோர், வாரம் ஒருக்கா கிளறி விடணும். வாடை வந்தா ஈரம் கூடிருச்சுன்னு அர்த்தம், சருகு சேருங்க, சரியாயிரும். புழு வந்தா பயப்பட வேணாம், அது மக்க வைக்கிற வேலையத்தான் செய்யுது. எலும்பு, மீன் முள்ளு போடாதீங்க, எலி வரும். ரெண்டு மூனு மாசத்துல உரமாயிரும்.

வர்ற ஆவணியில மகளுக்குக் காதுகுத்து, கெடா வெட்டும் இருக்கு. விசேஷத்துல சோறு வீணாகறது தான் எங்க எல்லாருக்கும் பெரிய கவலை. சமையல் மாஸ்டர்ட்ட பேசுறப்ப அவர் வழக்கம்போல பத்திரிகை கணக்குக்கு மேல கால் பங்கு கூட்டித்தான் இலை கணக்கு சொன்னாரு. வீட்டுக்காரர் தான் பேசுனாரு, சோறு ஒரே அடியா வடிக்காம பந்திக்குப் பந்தி வடிங்க, ரெண்டாவது பந்தி உக்காந்ததும் வாசல்ல எத்தன பேர் நிக்கிறாங்கன்னு சொல்ல எங்க பசங்க ரெண்டு பேர நிறுத்துறோம்னு. மாஸ்டர் யோசிச்சிட்டு, அடுப்புக்கு ஒரு ஆளு கூட வேணும், அந்தக் கூலிய குடுத்தா செய்யறேன்னாரு, குடுக்குறோம்னு சொல்லியாச்சு, அரிசியில மிச்சமாகறது அந்தக் கூலிக்கு மேலயே வரும். பரிமாறுற பசங்ககிட்ட எல்லாத்தையும் முதல்லயே இலையில அள்ளி வைக்காம கேட்டுக் கேட்டு வைங்க, ரெண்டாவது தடவ கட்டாயம் வாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். கோவையில 2014-ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி மிஞ்சுன சாப்பாட்ட எடுத்துட்டுப் போய் இல்லாதவங்களுக்குக் குடுக்குறவங்க இருக்காங்க. எங்க மண்டபத்துக்குப் பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அவங்ககிட்ட முன்கூட்டியே பேசியாச்சு. மதியம் ரெண்டரைக்குள்ள சூடா இருக்கும்போதே குடுத்தா எடுத்துக்குவோம், கறி வேணாம், சோறு ரசம் கூட்டு போதும்னு சொன்னாங்க. அதுக்கு நாலு பெரிய தூக்கு கடன் கேட்டு வச்சிருக்கேன், இன்னும் ரெண்டு வேணும்.